புழுக்காரன் கையெழுத்து

என் மனைவிக்கு அவளுடைய அத்தை மகனிடமிருந்து மாதம் இரண்டு கடிதம் வரும். அவனுக்கு மண்புழு வளர்ப்பது தொழில். தொட்டி தொட்டியாக வளர்த்துத் தோட்டக்காரர்களுக்கும் தூண்டில் போடுகிறவர்களுக்கும் விற்றான். அதனால் நான் அவனைப் புழுக்காரன் என்பேன். அவள் அத்தான் என்பாள். கட்டிய புருஷன் எனக்கு வெறும் ‘ஏங்க’, கண்காணாத தூரத்துப் புழுக்காரனுக்கு ‘அத்தான்’. இதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக நினைவில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அவன் கையெழுத்தைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், எனக்குப் பொய் பழக்கமில்லை. மோசமான எழுத்தைக் கோழி கிண்டியது போல் என்போம். இவன் எழுத்தைப் பார்த்தால் கோழியே கிண்ட வரும். ஒருநாள் ஜன்னலோரம் கிடந்த கடிதத்தில், இரண்டாம் பக்கத்து மூன்றாம் வரியை ஒரு மைனா வந்து கொத்தித் தின்றுவிட்டுப் போனது. முற்றுப்புள்ளியை மட்டும் விட்டுவைத்தது. தபால்காரர் அவன் உறையை இரண்டு விரலால் பிடித்து, வாசலிலேயே உதறிவிட்டுத்தான் கொடுப்பார்.

அந்த எழுத்தை வாசிக்க உலகத்தில் என் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும். சின்ன வயதில் இருவரும் ஒரே பள்ளி. அவன் எழுதியதை வாத்தியாருக்கு வாசித்துச் சொல்வது இவள் வேலையாம். அப்படிப்பட்டவளுக்கே ஒரு கடிதத்துக்கு மூன்று நாள் ஆகும். சமையலறை ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். தாளை இப்படிச் சாய்ப்பாள், அப்படிச் சாய்ப்பாள். நடுவில் கன்னத்தில் ஒரு குழி விழும்.

“இந்த வரியப் பாருங்களேன், நெளியுது. இது நெளியல, ஊருது. கீழ இருக்கிறது புரண்டு படுத்திருக்கு. ‘நலமா’ன்னு கேட்டிருக்கார், அந்த ‘நலமா’ எப்படித் துடிக்குது பாருங்க!”

“துடிச்சா டாக்டர்கிட்ட காட்டு.”

நெளிவதற்கு, சுருள்வதற்கு, ஊர்வதற்கு, முறுக்கிக்கொள்வதற்கு என்று அவன் எழுத்துக்கு அவளிடம் தனித்தனிச் சொல் இருந்தது. என் எழுத்துக்கு ஒரே சொல்தான், அதுவும் இங்கிலீஷில்: ‘நீட்டு’.

நான் நகராட்சி அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழ் எழுதுகிறவன். முத்து முத்தாக எழுதுவேன். என் கையால் சான்றிதழ் வாங்கிய குழந்தைகள் அதற்குப் பயந்தே ஒழுங்காக வளர்ந்தன என்று கேள்வி. அந்த முத்துக்களைக் கோத்து அவளுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கண்ணாடியடியில் வைத்தேன். பால் பொங்குவதற்குள் நின்றபடியே படித்து முடித்தாள்.

“நல்லா இருக்குங்க. அச்சடிச்ச மாதிரி.”

மின்சார பில் வைக்கும் கோப்பில் அதைச் செருகிவிட்டாள்.

அன்றைக்கு முடிவு செய்தேன். நான் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. நான் எழுதிய ஒரு தாளோடு அவள் அந்த நாற்காலியில் மூன்று நாள் உட்கார வேண்டும். அதற்கு என் கையெழுத்து உருப்படாமல் போக வேண்டும்.

நல்லதைக் கெடுப்பது சுலபம் என்பவர்கள் முயன்று பார்த்ததில்லை. இடது கையால் எழுதினேன், இரண்டே நாளில் இடது கையும் முத்தாக எழுதப் பழகிவிட்டது. ஒரு மண்புழுவைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் விட்டேன். அது கோடு போட்டதுபோல நேராகப் போய், ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டுத் திரும்பியது. கடைசியில் பஸ்தான் கைகொடுத்தது. பின் சீட்டில் உட்கார்ந்து, சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் எழுதினேன். இரண்டு மாதத்தில் எழுத்து கெட்டுக் குட்டிச்சுவரானது. அலுவலகத்தில் மேலாளர் ஒரு சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“என்னய்யா இது? ஆணா பொண்ணாங்கிற இடத்துல தவளைன்னு எழுதின மாதிரி இருக்கு!”

“பேனா சரியில்ல சார்.”

“பேனா பேனாவாத்தான் இருக்கு. உமக்குத்தான் என்னமோ ஆயிருக்கு.”

முத்திரை குத்தும் மேஜைக்கு என்னை இறக்கிவிட்டார். சந்தோஷமாக இறங்கினேன்.

பிறகு அவளுக்கு மூன்று பக்கம் எழுதினேன். யாராலும் சட்டென்று வாசிக்க முடியாது என்ற தைரியத்தில் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினேன். அவளும் நாற்காலியை இழுத்துப் போட்டாள், தாளைச் சாய்த்தாள். குழி விழுகிறதா என்று கதவோரம் நின்று பார்த்தேன். விழவில்லை. “என்னங்க எழுதியிருக்கீங்க?” என்றாள். “நீயே படிச்சுக்கோ” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவள் கையில் தாள் இல்லை.

“எங்க என் லெட்டர்?”

“ஒரு எழுத்துகூடப் பிடிபடலங்க. அத்தானுக்கு அனுப்பிட்டேன். இந்தக் கிறுக்கலைப் படிக்க அவரை விட்டா யாரு இருக்கா?”

எனக்குத் தேள் கொட்டியது போல் இருந்தது. அந்த மூன்று பக்கமும் அவனைப் பற்றித்தான்.

எட்டாம் நாள் தடியான உறை வந்தது. தபால்காரர் வழக்கத்தைவிட அதிகநேரம் உதறினார். என் கடிதத்தை ஒரு சொல் விடாமல் புழுக்காரன் தன் கையால் படியெடுத்து அனுப்பியிருந்தான். மேலே இரண்டு வரி: ‘உன் வீட்டுக்காரர் எழுத்து முதல் தரம். எனக்கே அரை நாள் ஆனது.’

அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினாள்.

“‘உன் அத்தான் ஒரு...’ இது சுருண்டு கிடக்கே... ‘தலை எது வால் எதுன்னு... தெரியாத பயல்.’ ஐயோ! ‘அவன் கை... தினமும்... சுளுக்கிக்கொள்ளணும்னு... வேண்டிக்கிறேன்.’ ஏங்க, இதையெல்லாமா அவருக்கு அனுப்பி வச்சேன்?”

குழி விழுந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவ்வளவு ஆழமாக நான் பார்த்ததில்லை. சொன்னது நான், எழுத்து அவனுடையது, குழி யார் கணக்கில் சேரும் என்று வயிறு எரிந்தது. என் பொறாமையைக்கூட அவன் கையெழுத்தில்தான் அவள் ரசிக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் மூன்று நாளும் அவள் அந்த நாற்காலியில்தான் இருந்தாள். நான் இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டுக்கொண்டேன். கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

“‘நீ அவன் தாளைச் சாய்க்கிறப்ப நான் உள்ளுக்குள்ள...’ அப்புறம் ஒண்ணு முறுக்கிக்கிட்டுக் கிடக்குங்க. உள்ளுக்குள்ள என்ன பண்றீங்க?”

அந்தச் சொல் ‘வேகிறேன்’. நான் எழுதியது எனக்குத் தெரியாதா?

“ஞாபகமில்ல. நல்லாச் சாய்ச்சுப் பாரு.”

அவள் தாளோடு என் தோள் பக்கம் சாய்ந்தாள். அந்த ஒரு சொல்லுக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது.