குதிரை மேல் செய்த சத்தியம்

இப்போதெல்லாம் எவனும் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நீட்டின இடத்தில் கையெழுத்து, காட்டின பக்கம் கும்பிடு. பழைய புத்தகங்களுக்கு அட்டை தைக்கும் பைண்டர் காலையிலிருந்து இதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மேசையில் கோர்ட்டிலிருந்து வந்த சத்தியப் புத்தகம் கிடந்தது. அதற்கு உறையாகத் தைத்திருந்த சிவப்புப் பட்டுத்துணி தனியாகக் கிடந்தது.

துரைகள் ஆண்ட காலத்து ஏற்பாடு அது. இந்த ஊர்க்காரன் சாமிக்குப் பயந்தால்தான் உண்மை பேசுவான் என்று அவர்கள் முடிவு கட்டி, மதத்துக்கு ஒரு வேதப் புத்தகமாகச் சாட்சிக் கூண்டருகே வைத்தார்கள். துரைகள் கப்பலேறிப் போனார்கள், புத்தகம் போகவில்லை. கண்டவன் கை படக்கூடாதென்று துணியைப் பிரிக்காமலே சத்தியம் வாங்கினார்கள். இப்போது கோர்ட்டுக் கூரை ஒழுகிப் புத்தகம் நனைந்து பைண்டரிடம் வந்தது. அவர் பிரித்தார். உள்ளே வேதம் இல்லை. துரைகளின் குதிரை லாயத்தைப் பராமரிக்கும் விதிகள். அட்டையிலும் பக்கத்துக்குப் பக்கமும் குளம்புப் படம்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருஷத்துக்கு முன் இந்தக் கடை அவர் கையில் தங்கியதே அந்தப் புத்தகத்தால்தான். பக்கத்து வீட்டுக்காரர், ஒரு ஜெபசபையின் தலைவர், கடைச் சுவர் தன்னுடையது என்று வழக்குப் போட்டார். ஒரே சாட்சி பைண்டருடைய மனைவியின் அண்ணன். தையல்காரர்; அதே சபைக்காரர். தலைவர் பக்கம்தான் சாய்வார் என்று பைண்டர் நினைத்தார். புத்தகத்தில் கை வைத்ததும் மனுஷன் உள்ளதைச் சொல்லிவிட்டார். சாமி பயம் என்று பைண்டர் முடிவு கட்டினார். ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. இப்போது அந்தச் சத்தியமே செல்லாதென்றால் சுவரும் போய்விடுமோ என்று கோர்ட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

மத்தியானம் கோர்ட்டுச் சேவகர் டவாலி வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அண்ணே, நீங்க சொல்லி அனுப்பினதை ஜட்ஜய்யாகிட்டச் சொல்லிட்டேன். சத்தியம் வாங்கினதுல கோளாறு இருந்தாலும் சாட்சி செல்லுமாம். துரைங்களே சட்டத்துல அப்படி ஒரு பிரிவு எழுதி வச்சிருக்காங்களாம். உங்க சுவரு தப்பிச்சுது."

"அப்ப புத்தகம் எதுக்கு வச்சான்?"

"அதை நான் கேட்டா என் வேலை தப்பிக்காதுண்ணே."

"வாசலையும் அவனே வச்சு, கொல்லைக் கதவையும் அவனே திறந்து விட்டிருக்கான்."

சுவர் தப்பியது சரி. பைண்டருக்கு வேறொன்று குடைந்தது. சாமி பயமில்லை என்றால் அன்றைக்கு மச்சான் ஏன் உண்மை பேசினார்? பட்டுத்துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தையல் கடைக்கு நடந்தார்.

"வாங்க மாப்ளே. துணியோட வரீங்க, எனக்குச் சட்டை எடுத்துக் குடுக்க மனசு வந்திருச்சா?"

"கோர்ட்டுத் துணி. உள்ள இருந்தது வேதம் இல்ல மச்சான். குதிரைப் புத்தகம்."

"தெரியும்." மெஷின் நிற்கவில்லை.

"எப்பலேருந்து?"

"அன்னிலேருந்து." மச்சான் மெஷினை நிறுத்தித் துணியை வாங்கினார். ஓரத்தைப் பார்க்காமலே தடவிக்கொண்டு போன விரல் ஒரு மூலையில் நின்றது. அங்கே தையல் விட்டிருந்தது. "இது அப்பவே பிரிஞ்சிருந்துச்சு. தையக்காரன் கண்ணு வேற எங்க போகும்? உள்ள ஒரு குளம்பு தெரிஞ்சுது."

பைண்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பின்ன எதுக்கு உண்மையைச் சொன்னீங்க? தலைவர் உங்களைச் சபையை விட்டே தள்ளியிருப்பாரே."

"மூணு வருஷம் தள்ளித்தான் வச்சிருந்தாரு. அந்தச் சுவருக்குச் செங்கல் தூக்கிக் குடுத்தவன் நானு. அதைச் சொல்ல வேதம் எதுக்கு, குதிரை எதுக்கு?"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மச்சான் பிரிந்த மூலையை நாலு குத்தில் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, துணியைத் திருப்பித் தந்தார். டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

"ஞாயித்துக்கெழம சாப்பிட வந்துருங்க," என்றார் பைண்டர், டம்ளரைப் பார்த்தபடி. நாற்பது வருஷத்தில் அவர் வாயால் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன மாப்ளே, உடம்புக்கு ஏதாவது...?"

"அன்னிக்குக் கடை போனா தங்கச்சி அழுவான்னு பயந்திருப்பீங்க. அதான் சொல்லியிருக்கீங்க."

"நம்பாட்டிப் போங்க."

பைண்டர் போனார். எதற்கும் பயப்படாமல் ஒருத்தன் உண்மை பேசுவானாம். தெருமுனை திரும்பும்வரை தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார்.