பீரோச் சாவி

"அப்பா, மணி ஆறாயிடுச்சு. சாவியக் குடுப்பா."

இருதயநாதன் உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்து, பாத வெடிப்புகளில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அவ கேட்டாளா?"

கிறிஸ்டி நீட்டிய கையை மடக்கவில்லை. ஒரு வாரமாக இதே கேள்விதான். உள்ளே கட்டிலில் அவள் அம்மா சகாயமேரி, புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புவரை போய்விட்டது. இனி வலியையாவது அடக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்துக்கு மார்ஃபின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு தேடி வரும் நர்ஸ் வினோதினி படித்துப் படித்துச் சொன்னாள்: "வலி வந்தப்புறம் இல்லீங்க, வர்றதுக்கு முன்னாடியே மணியப் பாத்துக் குடுக்கணும். டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா பயமில்ல."

முதல் இரண்டு நாள் ஒழுங்காகக் கொடுத்தார்கள். சகாயமேரி கஞ்சி குடித்தாள், சிரித்தாள், மத்தியானம் அயர்ந்து தூங்கினாள். அந்தத் தூக்கம்தான் வினையாயிற்று. அது போதை மாத்திரை, பொம்பளை போதையில் கிடக்கிறாள் என்று தெரு பேசியது. இருதயநாதன் மாத்திரைகளைப் பீரோவில், தன் குவாட்டர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். உடம்பு வலிக்கிறது என்று சாயங்காலமானால் அந்தப் பாட்டிலை எடுக்க அவர் யாரையும் கேட்டதில்லை. மனைவிக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டார்: தாங்க முடியாமல் அவளே கத்திக் கேட்டால் தரலாம்.

சகாயமேரியா கத்துவாள்? மூன்று பிள்ளை பெற்றபோதும் சத்தம் வாசலைத் தாண்டவில்லை என்று பேர் வாங்கியவள்.

"அம்மா, ஒரே ஒரு வாட்டி கேளும்மா."

"வேணான்டி. போதைக்காரின்னு பேர் எடுத்துக்கினு கல்லறைக்குப் போவச் சொல்றியா?"

புதன்கிழமை, தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில் நடந்தது. ஜெபமாலை முடிந்ததும் பக்கத்து வீட்டு அந்தோணிமேரி கட்டிலைக் காட்டிச் சொன்னாள்: "ஒரு முனகல் உண்டா பாருங்க. வலியெல்லாம் ஆண்டவருக்கே ஒப்புக்குடுத்துட்டா."

எல்லோரும் தலையாட்டினார்கள். கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்திருந்த அம்மாவின் விரல்களைக் கிறிஸ்டி மட்டும் பார்த்தாள். அன்றே பீரோவை உடைத்திருக்க வேண்டும். அப்பாவுக்குப் பயந்து சும்மா இருந்துவிட்டாள். அதை நினைத்தால் இன்றும் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை மணி அடிக்கும் நேரத்தில் சகாயமேரி இறந்துபோனாள். பல்லுக்கு நடுவிலிருந்து தலைப்பை மெதுவாக விடுவித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் மீதி மாத்திரைகளை வாங்கிப்போக வினோதினி வந்தாள். இருதயநாதன் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அழுது வீங்கிய முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"பாருங்க சிஸ்டர், அப்பிடியே இருக்குது. கடைசி வரைக்கும் வாயத் தொறக்கலீங்க அவ."

வினோதினி எண்ணினாள். நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.

"எழுபத்திரண்டு இருக்குது. ஒரு நாளைக்கு ஆறு. பன்னெண்டு நாளுங்க. பன்னெண்டு நாளும் அவங்க நிம்மதியா தூங்கியிருக்கலாம்."

இருதயநாதன் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். கிறிஸ்டி எழுந்துபோய்ப் பீரோவைப் பூட்டி, சாவியைத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள்.

நாலாம் நாள் அவர் மறுபடி உப்பளத்துக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"கிறிஸ்டி, சாவியக் குடும்மா. உடம்பெல்லாம் வலிக்குது."

அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"கத்துப்பா," என்றாள். "தெருவுக்குக் கேக்கட்டும். அப்புறம் தர்றேன்."