மடித்துவைத்த தோசை

அப்பா இறந்தபின் வந்த முதல் படையல் அது. எங்கள் உடுப்பி வீட்டில் முன்னோர்களுக்கு நீர்தோசையும் கோழிக்கறியும் ஆளுக்கொரு இலையில் வைத்து, பெயர் சொல்லி அழைப்போம். பிறகு அறைக்கதவைச் சாத்திவிட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை அடுக்களையில் காத்திருப்போம்.

"தேஜப்ப பூஜாரி, வாங்க, சாப்பிடுங்க" என்று அண்ணன் அழைத்துக் கதவைச் சாத்தினான்.

சற்று நேரத்தில் வீட்டைச் சுற்றிப் பாக்குமரச் சருகுகள் மிதிபட்டன. சத்தம் வாசல்வரை வந்து, தயங்கி, மறுபடி சுற்றப் போனது. மறதி நோய் முற்றிய பிறகு அப்பா தன் வீடு எதுவென்று தெரியாமல் இப்படித்தான் சுற்றுவார்.

"பெருச்சாளியா இருக்கும்" என்றான் அண்ணன்.

"ஆமா, உங்க ஊர் பெருச்சாளி செருப்பு போட்டுக்கிட்டு நடக்கும்" என்றாள் அண்ணி.

அப்பாவுக்குத் தன் பெயரே மறந்திருந்தது. என்னை, சிறுவயதில் இறந்துபோன தன் அக்கா என்று நினைத்தார். "அக்கா இல்லப்பா, உங்க மக வாரிஜா" என்று கடைசி நாள்வரை திருத்திக்கொண்டே இருந்தேன். இன்று அவர் பசியோடு திரும்பிப் போய்விடக் கூடாது.

ஜன்னலருகே போனேன். "தம்பி, அக்கா கூப்பிடுறேன்டா. உள்ள வந்து சாப்பிடு."

சருகுச் சத்தம் நின்றது.

கதவைத் திறந்தபோது மற்ற இலைகள் வைத்தபடியே இருந்தன. அப்பாவின் இலையில் மட்டும் ஒரு தோசை நான்காக மடித்து ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அக்காவுக்கென்று அவர் தினமும் அப்படித்தான் எடுத்துவைப்பார். ஒருநாளும் நான் அதைத் தொட்டதில்லை.

இன்று உட்கார்ந்து சாப்பிட்டேன்.