நனைந்த மலை

ஜெயராணி ஸ்பூனால் அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது அவர் அந்த ஸ்டாம்பைக் கேட்டார். காலையிலிருந்து கஞ்சி இறங்கவில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிதம்பரத்து டாக்டர் அனுப்பிவிட்டார்.

எந்த ஸ்டாம்ப் என்று அவள் கேட்கவில்லை. அப்பா ஆரோக்கியராஜ் கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். கல்யாணமான புதிதில் மனைவியைக் கொடைக்கானல் அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். லீவு கிடைக்கவில்லை. ஆபீசுக்கு வந்த ஜப்பான் கவரிலிருந்து பனிமலை போட்ட பழைய ஸ்டாம்பைப் பிரித்தெடுத்து, இப்போதைக்கு இதைப் பார் என்று கொடுத்தாராம். அம்மா சாகும்வரை அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். கொடைக்கானல் போகவேயில்லை.

போன டிசம்பரில் ‘தானே’ புயல் கடலூர் வீட்டு ஓடுகளை வாரிக்கொண்டு போனது. மழையில் புத்தகம் கூழாகிவிட்டது. அப்பாவுக்கு அதற்கு முன்பே பார்வை போயிருந்தது. அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துவந்த ஜெயராணி, ஸ்டாம்ப் போனதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றிலிருந்து சாதாரண ஸ்டாம்பை உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரல் அதன் ஓரத்தைத் தடவியது.

“மல தெரியுதா?”

“தெரியுதுப்பா. உச்சியில பனி. கீழ ஏரி.”

விரல் நின்றது.

“அது நனஞ்சி போச்சின்னு ஒன் தம்பி அன்னிக்கே சொல்லிட்டான், ராணி.”

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஸ்டாம்பை எடுக்கப் போனாள். அவர் விரல்களை மூடிக்கொண்டார்.

“இருக்கட்டும். நீ சொல்லு. அம்மா எங்க நிக்கிறா?”

மலை என்று ஒன்றை ஜெயராணி நேரில் பார்த்ததில்லை. ஏரிக்கரையில் நிற்பதாகச் சொன்னாள். குளிர் தாங்காமல் புடவைக்கு மேல் உங்கள் முழுக்கைச் சட்டையை மாட்டியிருக்கிறாள் என்றாள். அவர் உதடு லேசாக விரிந்தது. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார். பாதை இருக்கிறது என்றாள். வளைந்து வளைந்து இறங்குகிறது, இரண்டு பக்கமும் மரம் என்றாள். அதன்பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

அவள் கணவன் செம்பியன் இளநீரோடு உள்ளே வந்தான். கட்டிலருகே குனிந்து மாமனாரின் நெஞ்சைப் பார்த்தான். அது ஏறி இறங்கவில்லை. நிமிர்ந்து, ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

ஜெயராணி கையைக் காட்டி அவனை நிறுத்தினாள்.

“கொஞ்சம் எறங்குனா ஒரு டீக்கட இருக்குப்பா” என்றாள், குரலைத் தாழ்த்தி.

செம்பியன் இளநீரைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தான்.