பெரிய மாஸ்டருக்குச் சவரம்

சின்ன மாஸ்டர் ரேஸரில் பிளேடை மாட்டினான், கழற்றினான், மறுபடி மாட்டினான். முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை, இன்றைக்கு விரலுக்கு வரவில்லை. எதிரே கட்டிலில் அவன் அண்ணன், கடைக்கு வருபவர்களுக்குப் பெரிய மாஸ்டர், கிடந்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம், மூன்று நாள் தாடி. விடிகாலையில் இரண்டாவது மாரடைப்பு வந்து ஆளை முடித்துவிட்டது. காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று; இன்னும் ஒரு மணி நேரத்தில் சுடுகாட்டுக்கு வண்டி வந்துவிடும்.

"ஆகட்டும் சின்ன மாஸ்டர். ஊரு முகத்தையெல்லாம் பளபளன்னு வச்சிருந்த மனுசன் இப்படியா போறது? உங்க கடைக்கே கேவலம்," என்றார் வாசலில் நின்ற லாரி டிரைவர். இருபது வருட வாடிக்கை. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். அத்தனை பேர் கழுத்திலும் அண்ணனின் கத்தி ஓடியிருக்கிறது.

அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருந்தது வீட்டில் மூன்றே பேருக்குத்தான் தெரியும்: அண்ணனுக்கு, அண்ணிக்கு, இவனுக்கு. ஒன்பது வருடமாக ஒருநாள் தவறாமல் மாத்திரை. ஆரம்பத்திலேயே டாக்டர் இவனையும் உட்காரவைத்துப் பேசினார். "மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டா கிருமி அடங்கிடும். தாராளமா வேலை பார்க்கலாம், தொடலாம், ஒரே தட்டுல சாப்பிடலாம். இதயத்தை மட்டும் கவனிச்சுக்கணும், இதோட வாழறவங்களுக்கு அது சீக்கிரமே மக்கர் பண்ணும்." இவன் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினான். புத்திக்கு எட்டியது மனசுக்கு எட்டவில்லை.

அதுவரை ஞாயிறு மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் அண்ணன் தம்பிக்கும், தம்பி அண்ணனுக்கும் சவரம் செய்துகொள்வார்கள். அந்த வாரமும் அண்ணன் வழக்கம்போல நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். தம்பி பிளேடு தேடினான். இழுப்பறையைத் திறந்து மூடி, அலமாரியைக் குடைந்து, தேடிக்கொண்டே இருந்தான். பிளேடு பெட்டி கண்ணெதிரே கிடந்தது.

"விடுடா, நானே பண்ணிக்கறேன்," என்று அண்ணன் எழுந்துவிட்டான். அன்றிலிருந்து அவனவன் முகத்தை அவனவனே பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். விஷயம் வெளியே போனால் நாளைக்குக் கடைக்கு ஈ, காக்கா வராது. அண்ணி இந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. சரி, செய்துவிடலாம் என்றால் கை போகவில்லை. செத்துப்போன சொந்த அண்ணனைத் தொடப் பயப்படுகிறோமே என்று தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை தானாகச் சாமான் பைக்குள் போய்க் கையுறையை எடுத்தது.

"என்ன மாஸ்டர், டை வேற அடிச்சு அனுப்பப் போறீங்களா?" என்றார் டிரைவர். கடையில் கையுறை தலைச்சாயத்துக்கு மட்டும்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாகச் சின்ன மாஸ்டர் கையுறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

அண்ணி வெந்நீர்க் கிண்ணத்தோடு வந்தாள். அதைக் கீழே வைக்கிற சாக்கில் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"போட்டுக்கங்க தம்பி. அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு."

"இல்லண்ணி, சும்மாதான் எடுத்தேன்..."

"அன்னிக்கே வந்து சொன்னாரு. 'தம்பிக்கு பிளேடு கெடைக்கலையாம், பாவம்'னு சொல்லிச் சிரிச்சாரு."

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை. கையுறையைப் பைக்குள் போட்டான். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயத்தோடுதான் பிரஷை நனைத்தான்.

நுரை பூசும்வரை விரல் படவில்லை. ஆனால் தோலை இழுத்துப் பிடிக்காமல் எவனாலும் சவரம் செய்ய முடியாது. கன்னத்தில் கையை வைத்தான். சில்லென்றிருந்தது. மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு, துடைப்பு, மறுபடி ஒரு இழுப்பு. மேலுதட்டுக்கு வரும்போது கைக்குப் பழைய ஓட்டம் வந்திருந்தது. எப்போது வந்தது என்று அவன் கவனிக்கவில்லை.

ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் செய்வதுபோல இரண்டு கட்டைவிரல்களையும் காதோரம் வைத்துக் கிருதாவைச் சரிபார்த்தான். இடது பக்கம் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தது. கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே மழித்துக்கொள்பவனுக்கு அப்படித்தான் அமையும். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒன்பது வருடமாகத் தினமும் அதைப் பார்த்திருக்கிறான். ஒருநாளும் சொன்னதில்லை.

வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"போதும் மாஸ்டர், நல்லாத்தான் இருக்கு. நேரமாச்சு," என்றார் டிரைவர்.

"கொஞ்சம் இருங்க," என்றான் சின்ன மாஸ்டர். ரேஸரைக் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணனின் தாடையைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் திருப்பினான்.