பொதுக் கிடங்கில் ஒரு துளி

கைரவானிலிருந்து வந்த சிறுமியின் இரத்தத்தை மூன்றாம் முறையும் கணினி திருப்பித் தள்ளிவிட்டது. 'மாதிரி பழுது. விலக்கப்பட்டது.'

சோந்தெஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துனிஸில் கோடைக்கு அலுவலகம் இரண்டு மணியோடு சரி. ஆய்வகத்தில் பாதிப் பேர் இந்நேரம் கடலில் கிடப்பார்கள். வெயிலில் ஜன்னல் சட்டம் முனகியது. மூன்றுமுறை ஊசி குத்தியும் ஒரு குழந்தையின் இரத்தம் பழுதாகவே இருக்குமா?

மரபணுவைப் படிப்பது நீண்ட வரிசையான வேலை. பைப்லைன் என்பார்கள். இரத்தத்திலிருந்து படித்த மரபணு எழுத்துகள் ஒரு முனையில் நுழைந்து, மாட்யூல் எனப்படும் சின்னச் சின்ன நிரல்களை ஒவ்வொன்றாகக் கடந்து, மறுமுனையில் நோயின் பெயராக வெளியே வரும். மாட்யூல்களை அவரவர் தனித்தனியே எழுதிக்கொண்டிருப்பதில்லை. உலகத்து ஆய்வகங்கள் ஒரு பொதுக் கிடங்கு வைத்திருக்கின்றன. யாரோ எங்கோ எழுதி வைத்ததை எடுத்து, யாரும் தங்கள் வரிசையில் பொருத்திக்கொள்ளலாம்.

தடுத்த மாட்யூலைத் திறந்து படித்தாள். தாய் தந்த பிரதியும் தந்தை தந்த பிரதியும் குறித்த ஓர் எண்ணைத் தாண்டி நீண்ட தூரத்துக்கு ஒரே மாதிரி இருந்தால், இரத்தம் கெட்டுவிட்டது என்று அது முடிவு கட்டியது. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு அது இயல்பு. இதுவோ சொந்தத்தில் கல்யாணம் செய்யாத ஊரில் எழுதியது. எழுதியவர்மேல் தப்பில்லை, அவருக்கு அப்படியொரு வீடே தெரியாது.

சோந்தெஸின் எழுத்துகளும் ஆய்வகத்தில் இருந்தன. புது இயந்திரம் வந்தபோது அவளே முன்வந்து இரத்தம் கொடுத்திருந்தாள். அவற்றை எடுத்து அந்த மாட்யூலுக்குள் விட்டாள்.

'மாதிரி பழுது. விலக்கப்பட்டது.'

சிரிக்கத்தான் நினைத்தாள். சிரிப்பு வரவில்லை.

ஆய்வகத் தலைவர் பஷீர் சாவிக் கொத்தோடு வாசலில் நின்றார். "நம்ம ஃபோல்டருக்கு ஒரு காப்பி எடு, அந்த எண்ணை மாத்து, முடிஞ்சுது. ஊர் உலகத்தைத் திருத்துற வேலை நமக்கெதுக்கும்மா?"

சிறுமிக்காக உடனே அதைச் செய்தாள். மறுநாளே நோயின் பெயர் வந்தது. மங்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு மருந்தும் இருந்தது. ஆனால் கிடங்கில் இருந்த மாட்யூல் அப்படியேதான் இருந்தது. ஓரானிலும் மஸ்கட்டிலும் அது யாரையோ பழுது என்று சொல்லிக்கொண்டிருக்கும். தன்னையும்தான்.

மாட்யூலைத் திருத்தி எழுதினாள். இப்போது அது விலக்காது. 'பெற்றோர் உறவினராக இருக்கலாம், மேலே தொடர்க' என்று சொல்லும். அதைக் கிடங்குக்கு அனுப்பினாள். அந்த மாட்யூலைக் கவனித்துக்கொள்ளும் மர்கரேத்தா உப்சாலாவிலிருந்து பதில் எழுதினாள். திருத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் கிடங்கில் ஒவ்வொரு மாட்யூலோடும் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன மாதிரி இருக்க வேண்டும். உலகில் யார் அதைத் தொட்டாலும் அந்த மாதிரியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். கற்பனை மாதிரியை வைத்து முன்பு ஏமாந்திருக்கிறார்களாம். உண்மையான ஒருவருடையதாக, அவர் மனதாரக் கொடுத்ததாக வேண்டும். எல்லோர் பார்வைக்கும் என்றென்றைக்கும் திறந்திருக்கும் என்பதையும் அவள் மறைக்கவில்லை.

யாருடையது என்று சோந்தெஸ் யோசிக்கவே இல்லை, தன்னுடையதுதான். கேட்க வேண்டிய இடத்தைத்தான் யோசித்தாள். அவளுடைய எழுத்துகள் அவளுடையவை மட்டுமா?

லெ க்ரமில் வீட்டு மாடியில் அவள் அம்மா, உம்மி, மிளகாயைக் கோணியில் பரப்பிக்கொண்டிருந்தாள். அப்பா, பாபா, நிழலில் நாற்காலி போட்டிருந்தார். சோந்தெஸ் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, உம்மியின் கை நின்றது.

"இந்த ஸகிய்யா தன் சித்தப்பா மகனைக் கட்டிக்கிட்டாள்னு ஊரெல்லாம் படிக்கணுமா?"

"பேரு இருக்காது உம்மி. நோய் எதுவும் சொல்லாத இடமாப் பார்த்துத்தான் எடுப்பேன்."

"என் கல்யாணத்துக்கு வராதவனெல்லாம் என் ரத்தத்தைப் பார்ப்பான். முடியாது."

பாபா செய்தித்தாளை மடித்தார். "வராதவங்கள்ல பாதிப் பேரு கோவிச்சுக்கிட்டவங்க. இப்பவாவது பார்க்கட்டுமே."

"நீங்க சும்மா இருங்க."

சோந்தெஸ் வற்புறுத்தவில்லை. உம்மி வேண்டாமென்றால் வேண்டாம்தான். மர்கரேத்தாவுக்கு எழுதிவிட வேண்டும். கடைசியாக ஒன்றை மட்டும் சொன்னாள்: என்னையே அதற்குள் விட்டுப் பார்த்தேன், பழுது என்று போட்டது.

உம்மி நிமிர்ந்தாள். "யாரை?"

"என்னை."

கீழே ரயில் ஒன்று ஏரியைத் தாண்டிப் போனது. மிளகாய் நெடியில் வெயிலே சிவந்து ஆடுவதுபோல் இருந்தது.

"என் ஈரக்குலையைப் பார்த்தா பழுதுங்குது?" உம்மியின் குரல் இறங்கிவிட்டது. "எவ்வளவு எடுப்பே?"

"நகக்கண் அளவு. நீங்க கொடுத்ததும் பாபா கொடுத்ததும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கிற இடம். அங்க யாரு யாருன்னு எனக்கே பிரிக்கத் தெரியாது."

உம்மி கணவரைப் பார்த்தாள். இத்தனை வருடச் சண்டையில் இருவரும் ஒத்துப்போகிற இடம் ஒன்று இருக்கிறது என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறவள்போல் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"அந்த இடத்தை எடுத்துக்கோ," என்றாள்.

அந்த வாரமே மர்கரேத்தா திருத்தத்தை ஏற்றுக்கொண்டாள். ஒதுக்கி வைத்திருந்த மாதிரிகளை மறுபடி ஓட்டுவதாக மஸ்கட்டிலிருந்து ஒரு பெண் எழுதினாள். எத்தனை என்று அவள் சொல்லவில்லை, சோந்தெஸும் கேட்கவில்லை.

மஸ்கட்டின் கடிதம் வந்த அன்று, வேலை முடிந்து வீடு திரும்பும் ரயிலில் ஏரிக் காற்றுக்குக் கண் சொக்கியது. அரைத் தூக்கத்தில், கிடங்குக்கு அனுப்பிய அந்த நகக்கண் அளவுத் துளியைக் கண்டாள். பார்த்திராத அறைகளுக்குள் அது நுழைந்தது. பனி பெய்யும் ஊரில் ஒரு கணினி, மழை பெய்யும் ஊரில் ஒரு கணினி. எங்கும் யாரும் பெயர் கேட்கவில்லை. 'மேலே தொடர்க' என்றார்கள், தொடர்ந்தது.

கைப்பேசி அதிர்ந்தது. உம்மி.

"இப்ப எங்க இருக்குது?"

யாரைக் கேட்கிறாள் என்று புரியச் சற்று நேரமாயிற்று. சோந்தெஸ் கிடங்கின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள்.

"சாவோ பாவ்லோவில உம்மி. இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்கு."

"அங்க இப்ப என்ன நேரம்?"

"காலைதான்."

"அங்கே உள்ளவங்க நல்லவங்களா?"

"தெரியாது உம்மி. ஆனா உள்ளே விட்டுட்டாங்க."

"சரி," என்றாள் உம்மி. "மிளகாய் காஞ்சிருச்சு. நீ வந்து எடுத்து வை."