ஒன்பதாவது கை

1

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கடனில் மூழ்கிய ஒரு நாட்டின் கதை சொல்கிறேன். பல நாடுகள் சேர்ந்து ஒரே நாணயம் வைத்திருக்கின்றன. அதில் ஒன்று கடன் கட்ட முடியாமல் நின்றபோது மற்றவை கைகொடுத்தன, கூடவே நிபந்தனையும் போட்டன. செய்தித்தாளில் படித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

‘அந்தக் கடற்கரை நாட்டின் நிதியமைச்சர் அன்று காலை…’

அடித்துவிட்டேன். நிதியமைச்சர் காலையில் என்ன சாப்பிடுவார் என்றே எனக்குத் தெரியாது. மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெண்கள் குழு தெரியும். பத்துப் பேர், ஒரே கடன், செவ்வாய்தோறும் தவணை. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். அதுவரை கூட்டம் கலையாது. வசூலுக்கு வந்தவரும் எழுந்திருக்க மாட்டார்.

2

கோகிலவாணி கட்டாமல் நிற்பது இது மூன்றாவது வாரம். தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு இறங்கிவிட்டது. பறிகூலிகூடத் தேறாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிட்டாள். மிச்சம் இருப்பது ஒரு கறவை மாடு.

“ஞாயித்துக்கெழம உங்க வூட்டுக் கோழிக் கொழம்பு தெருவே மணந்துச்சே?” என்றாள் வேளாங்கண்ணி.

“மோந்ததுக்கும் வட்டி போடுவீங்களாக்கா?”

எல்லோரும் சிரித்தார்கள், குழுத்தலைவி யுவராணியைத் தவிர. “உன் தவணைய நாங்க கட்டறோம். ஆனா நீ மாட்ட வித்துரு.”

3

(முதலில் எழுதியபோது மாட்டை விற்றுவிட்டேன். கதை அடுத்த செவ்வாய்க்கிழமையே முட்டி நின்றது. தவணை வந்தது, பால் பணம் இல்லை. ஒன்பது பேரும் மறுபடி முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். அடுத்த நிபந்தனைக்கு விற்க அவளிடம் என்ன இருக்கிறது? தாளைக் கிழித்தேன், மாடு கொட்டகைக்குத் திரும்பியது. எழுதுகிறவளுக்கு இது சுலபம்.)

4

யுவராணியைக் கொடுமைக்காரியாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். ‘அவள் கண்ணில் இரக்கமே…’ வேண்டாம். போன இரண்டு வாரமும் கம்மலை அடகு வைத்துக் கோகிலவாணிக்காகக் கட்டியவள் அவள்தான். ஆனால் அவளுக்குத் தீவனக் கடை உண்டு, இதையும் எழுதியாக வேண்டும்.

“கடன வாங்கு, மாடு புடி, தீவனம் நம்ம கடையிலயே எடுத்துக்கன்னு சொன்னது யாருங்க்கா?” என்றாள் கோகிலவாணி.

யுவராணி வெறும் காதைத் தடவினாள். “நாந்தான். இல்லன்னா சொன்னேன்? என் காதையும் பாரு.”

“ஆறு மாசம் தவணையில பாதி கட்டறனுங்க. மாடு இருந்தா மீதியையும் அடச்சிருவேன். மாடு போச்சுன்னா காலத்துக்கும் உங்க முந்தானையிலதான் தொங்குவேன்.”

“அந்தப் பாதிய ஆறு மாசம் நாங்க சொமக்கோணுமா?” என்றாள் வேளாங்கண்ணி.

5

முடிவு இரண்டு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தக்காளி விலை ஏறுகிறது. (கதைக்காகச் சந்தை ஏறி நான் பார்த்ததில்லை.) இன்னொன்றில் கோகிலவாணி குடும்பத்தோடு ஓசூர் பஸ் ஏறிவிடுகிறாள். கடன் ஒன்பது பேர் தலையில்.

இரண்டும் வேண்டாம் என்று, கை தூக்கச் சொன்னேன். மாட்டை விற்கச் சொல்லி நான்கு கை, யுவராணியுடையது முதலில். விட்டுவைக்கச் சொல்லி நான்கு கை. அதில் ஒன்று, நான் எதிர்பார்க்கவே இல்லை, வேளாங்கண்ணியுடையது.

ஒன்பதாவது ஆள் நீங்கள். உங்கள் காசும் இதில் போகும், யோசித்தே தூக்குங்கள். கோகிலவாணி உங்களைப் பார்க்கவில்லை. பால் கறக்கிற நேரமாயிற்றே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எந்தப் பக்கம் தூக்கினாலும் சரி, உங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுக்காக ஊரார் கை தூக்குகிற நாள் வராமலே இருக்கட்டும்.